எஸ்தர் டீச்சரும் ஆனிமேரியின் மரத்தளமும்

பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் என்றால் தல்லாகுளத்தில் எஸ்தர் டீச்சர் வீட்டு ஹால்தான். போன கோடையில், மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆனிமேரி தன் மொட்டைமாடியில் பழைய பெட்டிப் பலகைகளை அடித்து ஒரு மரத்தளம் போட்டாள். காற்று நன்றாக வருகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. எஸ்தருக்கு அன்றிலிருந்து வயிற்றெரிச்சல். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற அளவுக்கு.

மழைக்குப் பிறகு தளம் பல்லைக் காட்டியது. பலகை நெளிந்து, ஆணி எழும்பி, முழங்கால் போட்டவர்களுக்கெல்லாம் சிலாம்பு குத்தியது. எஸ்தர் உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள். இனி எல்லோரும் தன் ஹாலுக்குத்தானே வரவேண்டும்? ஆனால் ஆனிமேரி நேராக வந்து எஸ்தரின் கணவர் மைக்கேல்ராஜிடம் நின்றாள். ரிட்டயர்டு ஆனபிறகு அவருக்கு மரவேலைதான் பொழுதுபோக்கு.

"அண்ணே, நீங்கதான் ஒரு எட்டு வந்து பாக்கணும்."

"இந்தா வாரேம்மா." இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார் மனுஷன். சொந்த வீட்டுப் பாத்ரூம் கதவு ஆறு மாதமாகத் தரையில் உரசுகிறது. அதைச் சொன்னால் மட்டும் இடுப்புவலி!

உதவிக்கு என்று எஸ்தரும் ஒட்டிக்கொண்டாள். இரண்டு நாள் வேலை. அவர் உளுத்த பலகையைக் கழற்றினார், ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டார், மழைத்தண்ணீர் இறங்கப் பலகைக்குப் பலகை கால் அங்குலம் சந்து விட்டார். எஸ்தர் உப்புத்தாளால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தளம் வழவழவென்று ஆனது, அவளுக்குப் பொறாமை பொங்கியது. ஆனிமேரி நீட்டிய டீயைக் குடித்துவிட்டு, "எம்புட்டு நல்லாருக்கு!" என்றார் மைக்கேல்ராஜ். முப்பது வருஷத்தில் எஸ்தர் போட்ட டீயை ஒரு நாள் அப்படிச் சொன்னதுண்டா?

வெள்ளிக்கிழமை எல்லோரும் புதுத் தளத்தில் முழங்கால் போட்டார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவது அந்தக் கூட்டத்தின் பழக்கம். ஜெபத்துக்கு யாரும் மறுபேச்சு பேசமுடியாது, ஆமென்தான் சொல்லமுடியும். எஸ்தர் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"ஆண்டவரே, அடுத்தவங்க பதினோரு வருஷமாச் செஞ்ச ஊழியத்தப் பறிச்சு, மாடியில வச்சுப் பெருமையடிக்கிறவங்கள மன்னியும்..."

ஐந்து நிமிஷம் விடவில்லை. ஆமென் சுரத்தில்லாமல் வந்தது. ஆனிமேரி அழுதேவிட்டாள்.

"மனசுல இம்புட்டு வச்சிருந்தீங்களாக்கா? அடுத்த வாரத்துலருந்து உங்க வீட்டுலயே வச்சுக்கங்க."

அடுத்த வெள்ளி எஸ்தர் ஹாலில் பாய் விரித்தாள், கேசரி கிண்டினாள். பதினாலு பேர் வந்துவிட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் மைக்கேல்ராஜ் பழைய சட்டையோடு வாசலுக்கு வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆனிமேரி வீட்டுக்கு. தளத்துக்கு வார்னிஷ் அடிக்கணும்ல? இன்னைக்கு அங்க ஒருத்தரும் மிதிக்க மாட்டாக. மூணு கோட்டு வேணும், வாரத்துக்கு ஒண்ணுன்னு அடிச்சாப் போச்சு. வெள்ளிக்கிழமைதான் இனிமே அங்க சும்மா கெடக்குதே. ஒரு பக்கம் ஆனிமேரியும் பிரஷ்ஷப் பிடிக்கிறேன்னு சொல்லிருச்சு."

போய்விட்டார். பதினாலு பேரும் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு எஸ்தரையே பார்த்தார்கள்.

"நீங்க ஆரம்பிங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, எஸ்தர் செருப்பை மாட்டினாள்.