ஜுரம் இறங்கிய பிற்பகல்

காலை ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்ததும் அங்கம்மா முதலில் வெந்நீர் அண்டாவைத்தான் பார்ப்பாள். பூந்தமல்லியில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கட்டில்கள். அத்தனை பேருக்கும் உடம்பு துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பதினோரு வருஷமாக இதே வேலை. அவள் கைபட்ட நோயாளி யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளை, அவள் கட்டிய வெள்ளைப் புடவையைப் பார்த்து, ஊரார் நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

உண்மையான நர்ஸ் ஞானகுமாரி. அங்கம்மாவைவிடப் பதினைந்து வயது சின்னவள். மதராஸில் மூன்று வருஷம் பயிற்சி பெற்று, பரீட்சையில் தேறி, சர்க்கார் பதிவேட்டில் பெயர் ஏறியவள். ஊசி போடுவது, மருந்தை அளந்து கொடுப்பது, காய்ச்சலையும் நாடியையும் தாளில் கோடாகக் குறிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நோயாளிக்கு ஒன்று ஆனால் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவளே. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து கோடு இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அங்கம்மாவுக்கு உள்ளுக்குள் புகையும். கோடு போடுவதற்கு மூன்று வருஷப் படிப்பா என்று நினைத்துக்கொள்வாள்.

அது 1938. நசரத்பேட்டை விவசாயி ஜெயராமனின் மனைவி தாட்சாயிணி டைபாய்டு ஜுரத்தோடு வந்து சேர்ந்தாள். பதினாறு நாளாகியும் ஜுரம் விடவில்லை. ஜெயராமன் பொறுமையிழந்து, அவளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகக் கிளம்பினான். டாக்டர் தடுத்தும் கேட்கவில்லை. அங்கம்மாவைக் காட்டி, இந்த நர்ஸம்மா கூட வந்தால் போதும் என்றான். அந்தச் சொல் அங்கம்மாவுக்கு இனித்தது. லீவு போட்டுவிட்டு அவளும் வண்டியேறினாள்.

புறப்படும்போது ஞானகுமாரி அவளருகில் வந்து, ஜுரம் சட்டென்று இறங்கி நாடி மட்டும் வேகமெடுத்தால் அது குணமில்லை, வாய்க்கு எதுவும் கொடுக்காமல் உடனே ஆள் அனுப்புங்கள் என்றாள். அங்கம்மா அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் தாட்சாயிணியின் உடம்பு குளிர்ந்தது. வீடே மலர்ந்தது. மாமியார் பொன்னம்மாள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, ரசம் சோற்றைக் குழையப் பிசைந்தாள். அங்கம்மாவுக்கும் சந்தோஷந்தான். வியர்வையைத் துடைத்தபடியே மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி எண்ண முடியாதபடி ஓடியது. தாட்சாயிணியின் உதடு வெளுத்திருந்தது. தாகம் தாகம் என்று தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாள்.

ஞானகுமாரி சொன்னது அப்போதுதான் அங்கம்மாவின் மனதில் உறைத்தது. ஏன் அப்படி ஆகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதென்று வாயைத் திறந்தால் பதினோரு வருஷத்து நர்ஸம்மா என்ற பெயர் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குள் பொன்னம்மாள் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். அங்கம்மா கிண்ணத்தின் வாயைக் கையால் பொத்தினாள்.

"வாணாம்மா. ஒரு வாய்கூடக் குடுக்கக் கூடாது."

"ஜுரந்தான் உட்டுப் போச்சே, இன்னாத்துக்குத் தடுக்கற?" என்றாள் பொன்னம்மாள்.

ஜெயராமன் எழுந்து வந்தான். "நீதான நர்ஸு? இன்னா ஆச்சுன்னு நீயே சொல்லு."

"நான் நர்ஸு இல்ல, நைனா. தொடைப்பேன், ஊட்டுவேன், பொரட்டிப் படுக்க வெப்பேன். இவ உடம்புக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவ பூந்தமல்லில கீறா. வண்டியப் பூட்டு."

இத்தனை நாள் எங்களை ஏமாற்றினாயா என்று அவன் கத்தினான். அங்கம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. மனைவியின் வெளுத்த உதட்டைப் பார்த்தபிறகுதான் அவன் மாட்டை நோக்கி ஓடினான்.

டாக்டரும் ஞானகுமாரியும் வந்து சேர்ந்தார்கள். குடலுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல, ஞானகுமாரி கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினாள். குடல் அசையாதிருக்க ஊசி போட்டாள். கால் மணிக்கொரு தரம் நாடியை எண்ணிக் குறித்தாள். அந்தச் சோறு உள்ளே போயிருந்தால் குடலே கிழிந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது பொன்னம்மாள் கிண்ணத்தை எடுத்துப்போய்ச் சோற்றைக் கொல்லையில் கொட்டினாள்.

இரண்டு நாள் ஞானகுமாரி அங்கேயே தங்கினாள். அவள் நாடியையும் மருந்தையும் பார்த்தாள். அங்கம்மா நோயாளியை அலுங்காமல் துடைத்து, துணி மாற்றினாள். நீங்கள் அந்த நாடியைப் பிடித்துப் பார்க்காமலிருந்தால் நான் வந்தும் பயனிருந்திருக்காது என்று ஞானகுமாரி அவளிடம் சொன்னாள். உள்ளே ரத்தம் போனால் ஜுரம் ஏன் இறங்குகிறது என்று அங்கம்மா முதன்முறையாகக் கேட்டாள். ரத்தம் குறைந்தால் உடம்பு சூடிழந்து குளிரும், மிச்ச ரத்தத்தை ஓட்ட இதயம் வேகமாக அடிக்கும் என்று ஞானகுமாரி பொறுமையாக விளக்கினாள்.

நாற்பது வயதில், மூன்றாம் வகுப்போடு, தன்னைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அங்கம்மாவுக்குத் தெரியும். ஆனால் பொய்ப் பெயரைச் சுமப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

ஒன்றரை மாதம் கழித்து, தாட்சாயிணி தேறி நடமாடத் தொடங்கியபின், ஜெயராமன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். திருமுல்லைவாயிலில் மச்சான் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், அங்கம்மா வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றான். வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே அவள் பதில் சொன்னாள்.

"மொதல்ல டாக்டராண்ட காட்டு, நைனா. ஞானகுமாரி நர்ஸம்மா வந்தா அவங்ககூட நானும் வரேன், தனியா வரமாட்டேன். வெள்ளப் பொடவ கட்டினவ எல்லாம் நர்ஸு இல்ல. எங்க படிச்சே, பதிவு கீதான்னு கேட்டுட்டு அப்பால உசுர ஒப்படைங்க. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. கேட்டதுக்குக் கோச்சுக்கறவ கையில மட்டும் உட்டுடாதீங்க."