வென்லாவின் கல்யாணமும் வடக்கே திரும்பிய காந்தமும்

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை பிறந்தது என் அவமானத்தில். வடதுருவத்தை ஒட்டிய இந்த இனாரிக்குச் சமையல் வேலைக்கு வந்த புதிதில், ஆய்வுக்கூடச் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டே ஹில்க்காவிடம் தினமும் கேட்பேன், "இன்னைக்கு வானத்துல வெளிச்சம் வருமா?" சூரியனைக் கவனித்துத் துருவ ஒளியை முன்கூட்டிச் சொல்வது அவள் வேலை. பத்தாவது நாள் சொன்னாள்: "சூப்புல உப்பு போட்டியான்னு நான் உன்னை தினமும் கேக்கறேனா?"

கதையில் வைத்துப் பழிவாங்குவதென்று அன்றே முடிவு செய்தேன். பதினாறு வருடமாகிவிட்டது. [கோபம் ஆறிவிட்டது. இதைக் கதையின் முதல் பலவீனமாகக் குறித்துக்கொள்ளலாம்.]

2

முதல் தொடக்கம்: "சூரியன் கோபமாக இருந்தது..." அடித்துவிட்டேன். சூரியனுக்குக் கோபம் கிடையாது, ஓட்டைகள்தான் உண்டு என்பாள் ஹில்க்கா.

இரண்டாவது: "அக்காவும் தம்பியும் ஒன்பது மாதமாகப் பேசவில்லை." உண்மை. இருக்கட்டும்.

அக்கா ஹில்க்கா. தம்பி ஊர்ஹோ, கண்ணாடிக் கூரை போட்ட குடில்களைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். பிப்ரவரியில் 'வானம் அமைதி' என்று ஹில்க்கா அறிவித்தாள். வந்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அன்று மாலையே வானம் பச்சையாகக் கொட்டித் தீர்த்தது, காலிக் குடில்களுக்கு மேல்.

(ஊர்ஹோவை வில்லனாக்கப் பார்த்தேன். எழுத உட்கார்ந்த வாரம்தான் என் வீட்டில் உறைந்துபோன தண்ணீர்க் குழாயைக் கேட்காமலே வந்து சரிசெய்து தந்தான். மூன்று பத்திகள் வீண்.)

3

நவம்பர் பதினான்காம் தேதி, மகளின் கல்யாணச் செய்தியோடு அவனே ஆய்வுக்கூடத்துக்கு வந்தான்.

"வென்லாவுக்குக் கல்யாணம். அடுத்த மாசம். ஏரிக்கரையில, வெளிச்சத்துக்கு அடியில. எந்த நாள்னு சொல்லு."

"நான் ஜோசியக்காரி இல்ல."

"ஆமா, சம்பளம் வாங்குற ஜோசியக்காரி."

ஹில்க்கா சிரிக்கவில்லை. ஆனால் திரையில் சூரியனைத் திறந்து ஒரு கருந்திட்டைக் காட்டினாள். "இந்த ஓட்டை வழியாத்தான் காத்து அடிக்குது. சூரியன் ஒரு சுத்து சுத்த இருபத்தேழு நாள். டிசம்பர் பதினொண்ணுக்கு இது மறுபடி நம்ம பக்கம் பார்க்கும். வெளிச்சம் வரலாம்."

"உன் 'லாம்' இருக்கே, அக்கா..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை. அழைப்பிதழ் அச்சடிக்கப் போய்விட்டான்.

4

டிசம்பர் பதினொன்று, மாலை நான்கு மணி. அந்த மாதம் இங்கே சூரியன் எழுவதேயில்லை, கும்மிருட்டு. தெளிந்த வானம். மைனஸ் இருபத்தாறு. சூரியக் காற்று சொன்ன நாளில் வந்துவிட்டது. "என் அக்கா சொன்னா சொன்னதுதான்!" என்று ஊர்ஹோ விருந்தாளிகளிடம் பீற்றிக்கொண்டிருந்தான்.

ஹில்க்கா கைபேசியைப் பார்த்தாள். பூமிக்கு வெகுதூரம் முன்னால் நிற்கும் செயற்கைக்கோள், வரப்போவதை ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லும். காற்று சுமந்துவரும் காந்தம் தெற்கே பார்த்தால் வானம் திறந்து வெளிச்சம் கொட்டும். அது வடக்கே பார்த்தது.

கல்யாண விருந்துக்கு நான் சமைத்துக்கொண்டிருந்த ஏரிக்கரைச் சமையலறைக்குத் தம்பியை இழுத்துவந்தாள்.

"வராதுடா."

"யார்கிட்டயும் சொல்லாத. ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு இரு."

"எல்லாரும் வெளிய விறைச்சுப் போவாங்க."

"விறைக்கட்டும். நம்பிக்கையோட விறைக்கட்டும்."

5

ஹில்க்கா பேசாமல் இருந்தாள் என்று எழுதினால் கதைக்கு நல்லது. ஆனால் அவள் நேராக மணப்பெண்ணின் அறைக்குப் போனாள். நான் சூப் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன்.

"வென்லா, வெளிச்சம் வராதும்மா. தப்பு என்னோடது."

கூந்தலில் பூ குத்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "நிஜமாவா அத்தை? அப்போ உள்ளேயே பண்ணிக்கலாமா? இந்த கவுன்ல அந்தக் குளிர்ல நிக்கணுமேன்னு மூணு நாளா தூக்கமில்ல. அப்பா ஆசைப்பட்டாரேன்னு சும்மா இருந்தேன்."

கணப்படுப்புக்குப் பக்கத்தில் கல்யாணம் நடந்தது. ஹில்க்கா அழுதாள். [அவள் மறுக்கிறாள். நான் நறுக்கிய வெங்காயமாம்.]

6

எல்லோரும் ஆடியபோது ஊர்ஹோ மட்டும் ஏரிக்கரையில் தனியாக நின்றான். ஹில்க்கா கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். சமையலறைக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை, பேச்சு காதில் விழட்டும் என்றுதான்.

"காந்தம் தெற்கே திரும்புமா?"

"தெரியாது."

"இதை பிப்ரவரியிலயே சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காது."

"தெரியாதுன்னு சொல்ல கூச்சமா இருந்துதுடா. அதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்காங்க."

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகில் அவன் பனியைத் தட்டிவிட்டு இடம் கொடுத்தான். உட்கார்ந்தாள்.

வானம் பச்சையானது என்று ஒரு முடிவு எழுதினேன். கறுப்பாகவே இருந்தது என்று இன்னொன்று. இரண்டும் பொய், அந்நேரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் கேட்டபோது, "நாங்க பேசிட்டிருந்தோம்" என்றார்கள் இருவரும்.

அதனால் முடிவைப் பார்க்க உங்களையே அனுப்புகிறேன். சமையல் மேடையில் இரண்டு கோப்பை காபி ஊற்றி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் கொண்டுபோய், படகில் உட்கார்ந்திருக்கும் அவர்களிடம் கொடுங்கள். வழுக்கும், பார்த்து. கொடுத்துவிட்டு, நீங்களே தலையைத் தூக்கி வானத்தைப் பாருங்கள்.