கிருமி பிழைத்த தண்ணீர்

கிசுமு நகரில் மருத்துவமனைக் கழிவுநீரைத் துத்தநாக ஆக்சைடு பூசிய தட்டுகளில் ஊற்றி, அதில் கலந்த கிருமிக்கொல்லி மருந்தை வெயிலில் சிதைப்பது என் வேலை. மருந்து போனதா என்று பார்க்க அந்த நீரில் கிருமியை விடுவேன். இன்றுதான் முதன்முதலாகக் கிருமி சாகாமல் செழித்திருந்தது. கொட்டகையில் சொல்லி மகிழ ஈ காக்கைகூட இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, கிருமி உசுரோட இருக்கு! ஜெயிச்சுட்டேன்!”

“அடிப்பாவி, கிருமிய வளக்கவா இத்தன வருஷம் படிச்ச?”

எங்கள் லுவோ இன வழக்கத்தில் இரட்டையரில் முந்திப் பிறந்தவளுக்கு அபியோ, பிந்தியவளுக்கு அடோங்கோ என்று பெயர். கழிவுநீரில் மருந்தைக் குடித்துப் பழகிய கிருமி, எந்த ஊசிக்கும் அடங்காமல் என் அக்கா அபியோவைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அடோங்கோ, நான்.

“சரி விடு. சாப்டியா, அபியோ?”

“சாப்டேம்மா,” என்றேன்.