புகை வராத தோட்டா

என் வலது கண்ணைப் பறித்தது ஒரு தோட்டா. எங்கள் பசுந்தாங் பேட்டையில் யாரைக் கேட்டாலும் ஒரு செவ்வந்திப் பூ என்பார்கள். என் மனைவி அம்சாவும் அதையேதான் சொல்வாள். கண் போனதுகூட ஆறிவிட்டது, இது ஆறவில்லை.

ஓடைக்கரை அரிசி மில்லில் நான் வாட்ச்மேன். வாட்ச்மேன் என்றால் துப்பாக்கி வேண்டுமே, மில்லில் ஒன்று இருந்தது. மாண்டலே ராஜாவை வெள்ளைக்காரன் பிடிக்க வந்த காலத்துப் பட்டாளத்து ஸ்னைடர். பட்டாளம் கழித்ததைப் போலீஸ் எடுத்து, போலீஸ் கழித்ததை மில் எடுத்தது. குழாயின் பின்பக்கம் பெட்டி மூடிபோல் பக்கவாட்டில் திறக்கும். தோட்டாவைப் போட்டு மூடிவிட்டுச் சுட வேண்டியதுதான். கறுப்பு வெடிமருந்துத் தோட்டா என்பதால் எதிரே நிற்பது யாரென்று தெரியாத அளவுக்குப் புகை கிளம்பும். திருடன் சாகாவிட்டாலும் இருமிக்கொண்டே ஓடிவிடுவான்.

உண்மையில் அது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். ஆயுத பூஜையன்று எஞ்சின், தராசு, சாக்குத் தைக்கும் ஊசி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்போம். மறுநாள் விஜயதசமிக் காலையில் படைத்த பொருள் ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது இயக்கியாக வேண்டும். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும், தராசில் ஒரு மூட்டை ஏறும், துப்பாக்கி ஒரு வேட்டுப் போடும். ஓடைக்கரையில் முளையடித்து அதன் தலையில் ஒரு த்வாண்டே மண்பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். நான் சுட்டுப் பானை உடைந்தால் அந்த வருஷம் மில்லுக்கு நல்ல வருஷம்.

கண் போனதற்கு முந்தின வருஷம் பானை உடைந்தது. ஆனால் காற்று திரும்பிப் புகை முழுவதும் மில் துரையோடு பார்க்க வந்திருந்த துரைசானியின் வெள்ளைக் கவுன்மேல் போய் இறங்கியது. அவள் இருமின இருமல் மேனேஜர் வைத்திலிங்கத்தின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மனிதருக்கு வருஷம் முழுக்கத் தூக்கமில்லை. அடுத்த பூஜை நெருங்கியதும் துப்பாக்கியையும் என்னையும் கூட்டிக்கொண்டு மொகல் தெருவில் பர்கத்துல்லா பாயின் துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

“இதுக்குப் புகை வராத தோட்டா குடுங்க பாய்.”

பாய் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “வேணாங்க மேனேஜரய்யா. இது கறுப்பு மருந்துக்குன்னே செஞ்ச சாமான். புது மருந்துக்கு வேகம் சாஸ்தி. இந்த மூடி தாங்காது.”

“அளவு சரியா இருந்தா உள்ள போகும்ல?”

“உள்ள போறதெல்லாம் சுடுறதுக்கு ஆகுமா? சுடுறவன் மூஞ்சி இந்த மூடிகிட்டதானே இருக்குது? கறுப்பு மருந்துத் தோட்டாவே எங்கிட்ட இருக்கு. பழசுதான், ஆனா பயமில்லே.”

அவர் எடுத்து வைத்த தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வைத்திலிங்கம் அதைப் பார்த்த பார்வையில் பாயின் கடையே அசிங்கமாகிவிட்டது. “களிம்பு புடிச்சதையா துரை முன்னால வெடிக்கச் சொல்றீங்க?” என்று எழுந்துவிட்டார்.

வழியில் நான் மெல்ல ஆரம்பித்தேன். “ஐயா, பாய் சொன்னதை யோசிச்சுப் பாத்தா...”

“விக்காத சரக்கை நம்ம தலையில கட்டப் பாக்குறான். இது தெரியலியா உனக்கு?” என்று வாயை அடைத்தார். எனக்கும் சம்பளம் வேண்டியிருந்தது.

பூஜை ராத்திரி படையலில் துப்பாக்கியையும் சாய்த்து வைத்தோம். அம்சா கூடையிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்துக் குழாய் வாயில் சொருகினாள். பார்த்த பெண்களெல்லாம் அழகு அழகு என்றார்கள். அழகாகத்தான் இருந்தது.

விடிந்ததும் நான்தான் முதலில் போனேன். பூவை உருவிப் படையல் தட்டில் போட்டேன். மூடியைத் திறந்து குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தூசி தும்பு இல்லை. அப்போது பக்கத்தில் ஆளில்லை, எல்லோரும் குளிக்கப் போயிருந்தார்கள். பிறகு மேனேஜரே தோட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தார். புதுப் பித்தளை, பளபளவென்று இருந்தது.

“என்ன மருந்துங்கய்யா?”

“கறுப்பு மருந்துதான், அப்பாசாமி. வேற கடையில புதுசா வாங்கினேன். நாளும் கிழமையுமா நெத்தியில திருநீறு வச்சுக்கிட்டுப் பொய் சொல்லுவனா?”

நம்பினேன். துரையும் துரைசானியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பானையைக் குறிபார்த்து விசையை இழுத்தேன்.

மூடி பிய்ந்து முகத்தில் அடித்தது. மல்லாந்து விழுந்தேன். மிச்சமிருந்த கண்ணுக்குப் பானை உடையாமல் தெரிந்தது, ஓடை தெரிந்தது, வானம் தெளிவாகத் தெரிந்தது. புகையே இல்லை. கறுப்பு மருந்து என்றானே பாவி என்று நினைத்ததோடு நினைவு தப்பிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் நான் கண் விழிப்பதற்குள் இங்கே தீர்ப்பே சொல்லி முடித்திருந்தார்கள். “குழாய் வாயில பூவைச் சொருகினது யாரு?” என்று முதலில் கத்தியது வைத்திலிங்கம். எல்லோரும் அம்சாவைப் பார்த்திருக்கிறார்கள். பூ அடைத்திருந்தால் குழாயின் வாய் அல்லவா கிழிய வேண்டும்? வாயில் ஒரு கீறல் இல்லை, பிய்ந்தது பின்பக்கம். எஞ்சின் டிரைவர் கோ போ தின் என்பவர் மட்டும், “புகையைக் காணோமே?” என்று கேட்டாராம். “பூ அடைச்சுக்கிட்டா புகை எப்படிய்யா வரும்?” என்றாராம் மேனேஜர். அதையும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறது ஒரு கூட்டம். போலீஸ்காரர் மேனேஜரின் வாக்குமூலத்தோடு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார். மிச்சத் தோட்டாக்கள் என்ன ஆயின என்று எவனும் கேட்கவில்லை.

“உங்க கண்ணை நானே புடுங்கிட்டேனே” என்று அம்சா கட்டிலின் காலில் தலையை முட்டிக்கொண்டாள்.

“பூவை நான் எடுத்துத் தட்டுல போட்டுட்டேன்டி. தோட்டாதான் வெடிச்சுது.”

“எடுத்ததை யாரு பாத்தா?”

யார் பார்த்தார்கள்? தட்டில் ஒரு கூடைப் பூ கிடந்தது. அதில் எது நான் போட்டதென்று சாமி வந்து சொன்னால்தான் உண்டு.

வைத்திலிங்கம் பெருந்தன்மை காட்டினார். மில் லயத்தில் எங்கள் அறையை எங்களுக்கே விட்டார். அம்சாவுக்குத் தவிடு சலிக்கிற வேலை கொடுத்தார். அவள் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். வாசலில் நின்று அதைப் பார்க்க எனக்கு ஒரு கண்ணை மிச்சம் வைத்திருந்தான் கடவுள். அந்த ஆளின் குரல்வளையைக் கடித்துத் துப்பவேண்டும் போலிருந்தது.

மில் வாசலிலேயே மறித்துக் கத்தினேன். “நீ வாங்கின தோட்டாய்யா என் கண்ணை எடுத்துச்சு!” அவர் கோபப்படவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “பாவம், பொண்டாட்டி மேல உசிரு. பழியை வேற எங்கயாச்சும் திருப்பிவிடத் துடிக்கிறான்” என்றார். பெண்களுக்குக் கண் கலங்கியது. நான் எவ்வளவுக்குக் கத்தினேனோ அவ்வளவுக்கு நல்ல புருஷன் ஆனேன். லயத்துப் பெண்கள் தங்கள் புருஷன்களிடம் என்னைக் காட்டிப் பேசினார்கள். அம்சாவிடம் மட்டும் யாரும் குழந்தையைத் தூக்கக் கொடுக்கவில்லை. அவள் கைராசி அப்படியாம்.

கடைசியில் பர்கத்துல்லா பாயிடம் போய் நின்றேன். “லைசென்சு வச்சுப் பொழைக்கிறவன்ப்பா நான், வம்புல இழுக்காதே” என்றார். விடாமல் நடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவரே எங்கள் அறைக்கு வந்தார்.

“தங்கச்சி, எங்கடையில வச்சு அந்த மேனேஜர்கிட்ட வேணாம்னு நான் சொன்னேன். கேக்காம வேற எடத்துல வாங்கினாரு. பூவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்.”

அம்சா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். முடிந்தது, இனி இவள் நிமிர்ந்து நடப்பாள் என்று நினைத்தேன்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தொழுதுட்டு வந்த மனுசனை இப்படிப் பொய்ச்சத்தியம் பண்ண வச்சிட்டீங்களே.”

“அவரு ஏன்டி பொய் சொல்லணும்?”

“நீங்க போயி அழுதிருப்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் மனசு எளகாது?” முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். “எனக்காக ஊரெல்லாம் போயிக் கெஞ்சுற மனுசன் கண்ணையா நான்...”

மில்லில் சங்கு ஊதியது. அவசரமாக எழுந்து சல்லடையைத் தேடினாள்.

“இனிமே இந்தப் பேச்சு வேணாங்க. மேனேஜரய்யா காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு? அவரு என்னை மன்னிச்சதாலதான் நாம கஞ்சி குடிக்கிறோம்.”