தேசிமரத்துக்கு மூன்று பெட்டித் தண்ணீர்

1.

இந்தக் கதை எனக்கு மதிலுக்கு மேலால் கிடைத்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வளவில் பூரணி அக்கா ஒரு நீளப் பிளாஸ்டிக் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திவந்து, தேசிமரத்தடியில் ஊற்றினார். காலையில் ஒரு பெட்டி, மத்தியானம் ஒரு பெட்டி, பொழுதுபட ஒரு பெட்டி. நான் பார்த்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

(கடைசி வசனம் பொய். இப்போதைக்கு நிற்கட்டும், பிறகு வெட்டுகிறேன்.)

2.

முதல் தொடக்கம்: “துறைமுகத்து உப்புக்காற்று வீசும் திருகோணமலையில்...” வேண்டாம். இங்கே இருக்கிறவர்களுக்கு அது புதினமில்லை.

இரண்டாவது: “காசு கூடினால் இப்படித்தான்...” இது எங்கள் தெருவின், இந்த ஒழுங்கையின், தீர்ப்பு. என் தொடக்கமாக இருக்க அதற்கு உரிமையில்லை.

மூன்றாவது நிற்கிறது.

பூரணிக்கு வெயிலோடு ஒரு கோபமுமில்லை. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறி, தனியே இருக்கிற ஒரு மனுசி, முற்றம் நிறைய வெயிலை வைத்துக்கொண்டு உடுப்புக் காயவைக்கிற மெஷின் ஏன் வாங்கினார் என்று ஒழுங்கையே சிரித்தது. நிலாவெளியில் வீட்டைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்ற மெஷின் அது. ஏசி திருத்துகிற ஸஹாப்தீன்தான் கொண்டுவந்து இறக்கினார். ஒருநாள் அசையாமல் நிற்கட்டும், பிறகு போடுங்கள் என்றார். பூரணி கேட்டது ஒரே ஒரு கேள்வி: காற்று வெளியே போகக் குழாய் வைக்க வேண்டுமா?

தேவையில்லை என்றார் ஸஹாப்தீன். உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கும், உடுப்பில் இருக்கிற ஈரத்தைத் தண்ணீராக இறக்கி இந்தப் பெட்டிக்குள் விடும். சுவரில் ஓட்டை வேண்டாம், வீட்டுக்கு வெளியே ஒன்றும் போகாது. ஆனால் மெதுவான சாமான், மூன்று மணித்தியாலம் எடுக்கும்.

எடுக்கட்டும் என்றார் பூரணி.*

அயலில் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார். “வெயிலுக்குக் காசில்லைத்தான். பாக்கிற கண்ணுக்கும் காசில்லை.”

* அந்த மெஷினோடு சீவிப்பது எப்படி என்று ஒருநாள் கேட்டேன். குசினி கொஞ்சம் வெக்கையாகும், ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் சேருகிற பஞ்சை வழித்தெடுக்க வேண்டும், ஜீன்ஸ் இடுப்புப் பட்டி மட்டும் கடைசிவரைக்கும் காயாது என்றார். பூரணி அக்கா ஜீன்ஸ் போடுகிறவரில்லை. நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

3.

வீட்டுக்குள்ளே இருந்தது லோஜினி, கந்தளாயில் கட்டிக்கொடுத்த மகள்.

இரண்டு வருடத்துக்கு முதலும் அவள் ஒருமுறை வந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய நீலச் சட்டை கொடியில் ஆடியது. யார் கண்டார்களோ, யார் சொன்னார்களோ, நாலாம் நாள் கந்தளாயிலிருந்து வான் வந்து நின்றது. பெரியவர்கள் இறங்கினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும் என்று கதைத்தார்கள். லோஜினி வாய் திறக்கவில்லை. அவளுடைய பையைத் தூக்கி வானுக்குள் வைத்தது பூரணியின் கைதான். அந்தக் கையைப் பூரணி இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த முறை லோஜினி ஒழுங்கை அயர்ந்திருந்த மத்தியானத்தில் ஓட்டோவில் வந்தாள். கந்தளாய்க்காரர் அவள் கொழும்பில் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, ரெண்டு மாசம் தாங்கோ,” என்றாள். “ஒருத்தரும் வந்து கதைக்காத ரெண்டு மாசம். பிறகு என்ட முடிவ நானே சொல்லுறன்.”

பூரணி ஓம் என்றார். பிறகு யன்னலால் கொடியைப் பார்த்தார். அடுத்த கிழமை மெஷின் வந்தது.

[இந்த இடத்தில், அவள் ஏன் வந்தாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். “கலியாணம் முடித்த முதல் வருடமே அவன்

4.

பூரணி விட்ட பிழை ஒன்றுதான். அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியிலேயே ஊற்றியிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் தண்ணீர் வெட்டுக் காலத்தில் வாளியோடு வரிசையில் நின்ற மனுசிக்கு நல்ல தண்ணீரைக் குழாயில் விட மனம் வரவில்லை. உடுப்பையெல்லாம் ஒளித்தவர், அதிலிருந்து வந்த தண்ணீரை ஒளிக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை.

முதல் பிரதியில் இந்த இடத்தில் ஜெமீலா என்று ஒருத்தி வருவாள். வாய் நீண்டவள், வெற்றிலை போடுகிறவள், வாசகருக்கு உடனே பிடிக்காமல் போகிறவள். அவள்தான் தண்ணீரைக் கண்டு வெளியில் சொன்னவள் என்று எழுதியிருந்தேன்.

ஜெமீலா என்று ஒருத்தி இல்லை. சொன்னது நான்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கந்தளாயிலிருந்து ஒரு டீச்சர் வருகிறா. இடைவேளையில் ஒரு பகிடிக்காகச் சொன்னேன்: எங்கள் பக்கத்து வீட்டுப் பூரணி அக்கா தனி ஆள், அவரின் உடுப்பு ஒருநாளைக்கு மூன்று பெட்டித் தண்ணீர் விடுகிறது. எல்லாரும் சிரித்தார்கள். கந்தளாய் டீச்சர், எந்தப் பூரணி என்று கேட்டா. நானும் விலாசம் சொல்வதுபோல விளக்கமாகச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

(முதலாம் பகுதியின் கடைசி வசனத்தை இப்போது வெட்டிவிடுங்கள்.)

5.

லோஜினி வந்த நாற்பத்தோராம் நாள், காலை பத்து மணிக்கு, மருமகனின் பெரியப்பா பாக்கியரத்தினம் வந்தார். நல்ல மனிதர், கோயில் சபையில் இருக்கிறவர். கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவர் செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

லோஜினி அறைக்குள் இருந்தாள். குசினியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே அவளுடைய உடுப்பு.

கதிரையில் இருந்தபடியே அவர் குசினிப் பக்கம் பார்த்தார். வெளியே வெயில் இப்படி எறிக்க இதென்ன வேலை என்று கேட்டார். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். ஐம்பது நிமிடம் இருக்கிறது என்றார் பூரணி.

“அப்ப முடியட்டும், தங்கச்சி. ஆற்ற உடுப்பு எண்டு பாத்திட்டே போறன்.”

ஒரு பெரிய மனுசன் ஒரு வீட்டில் இருந்து சொல்லக்கூடிய கதையா அது? ஆனால் சொன்னார், கதிரையில் சாய்ந்தும் கொண்டார். பூரணி தேத்தண்ணி வைக்கவில்லை. வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி வைக்காமல் விட்டது அவருடைய சீவியத்தில் அதுதான் முதல் தரம். மெஷினுக்கும் குசினி வாசலுக்கும் நடுவில் போய் நின்றார். அந்த மெஷின் ஈரத்தைத் தானே அளந்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஐம்பது நாற்பதானது, நாற்பது மறுபடி ஐம்பத்தைந்தானது. பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். பூரணி நகரவில்லை.

“அண்ணை, பின்னேரம் மட்டும் இருந்தாலும் நான் திறக்க மாட்டன்,” என்றார். “போன முறை அவளின்ட பையத் தூக்கித் தந்தது நான். இந்த முறை ஒரு கைலேஞ்சிகூடத் தர மாட்டன்.”

அப்போதுதான் அறைக் கதவு திறந்தது.

லோஜினி தாயின் தோளைத் தொட்டு மெதுவாக விலக்கினாள். மெஷினை நிற்பாட்டி, அரைகுறையாய்க் காய்ந்த உடுப்பையெல்லாம் கூடையில் அள்ளினாள். பாக்கியரத்தினத்தைத் தாண்டி முற்றத்துக்கு வந்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீலச் சட்டை, ஜீன்ஸ், பாவாடை. எங்கள் ஊரில் பெண்கள் துவாய்க்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிற உள்ளுடுப்பையும் அவள் மறைக்கவில்லை, நேராகவே போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கிளிப் குத்தினாள்.

“எல்லாம் என்ட உடுப்புத்தான், மாமா,” என்றாள். “வடிவாப் பாத்திட்டுப் போய்ச் சொல்லுங்கோ. நான் வரேல்ல.”

அவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

6.

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன். பாக்கியரத்தினம் மனம்மாறிக் கந்தளாயில் அவளுக்காகப் பேசுகிறார்: இனிப்பு கூடிவிட்டது. வழக்கு, விவாகரத்து: இன்னும் நடக்கவில்லை. லோஜினி திரும்பிப் போகிறாள்: இதை எழுத என் கை மறுத்தது.

பிரதியைப் பூரணி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பிழையையும் வாயால் சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பேனை கேட்டார். லோஜினி ஏன் வந்தாள் என்று எழுதியிருந்த பக்கத்தைக் குறுக்கே கீறினார். ஒரேயொரு அரைவரி தப்பியது, அதை மேலே கண்டிருப்பீர்கள். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எல்லாருக்கும் தெரிந்த பிறகும் இது எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

“காட்ட வேண்டியத அவளே காட்டிட்டாள்,” என்றார். “மிச்சம் எங்கட.”

இன்று வெள்ளிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒழுங்கை முனையில் கந்தளாய் வான் வந்து நிற்கிறது. பூரணி அக்கா பெட்டியோடு தேசிமரத்தடிக்கு வருகிறார், வானைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றுகிறார். வானின் கதவு திறக்கிறது. யார் இறங்குகிறார்கள் என்று நான் எழுதப்போவதில்லை.

ஏனென்றால் இப்போது ஒழுங்கையில் நீங்களும் நிற்கிறீர்கள். இறங்குகிறவர்கள் முதலில் உங்களிடம்தான் வருவார்கள். அந்தப் பிள்ளை ஏன் வந்தது, என்ன நடந்தது என்று மெல்லக் கேட்பார்கள். என்னிடம் கேட்டபோது நான் சொன்னேன். நீங்கள் தெரியாது என்று சொல்லலாம். அது பொய்யாகாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.