கண்ணால் பார்த்த பஞ்சாங்கம்

என் புருஷன் செவெருக்குப் பொய் சொல்ல வராது. ருமேனியாவில் எங்கள் யாஷ் நகரத்தில் இதை நற்குணம் என்கிறார்கள். அவர்களுக்கென்ன, குடும்பம் நடத்துகிறவள் நானல்லவா?

ருமேனிய மொழியில் அச்சான பழைய நூல்களையெல்லாம் தேடிப்பிடித்து விவரத் தொகுதி போடுவது அவர் வேலை. ஆசிரியர் நேரில் பார்த்த நூல்களுக்கு மட்டுமே அதில் இடம் என்று முகப்பிலேயே அச்சடித்து, தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் அச்சான முதல் பஞ்சாங்கம் மட்டும் அகப்படவில்லை. "அப்படி ஒன்று கிடையாது, யாஷ்காரர்களின் கனவு" என்று புகாரெஸ்ட் பேராசிரியர் ஒருவர் பத்திரிகையில் நக்கலடித்தார். செவெருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை தொகுதி அச்சேற வேண்டும். சனிக்கிழமை, அந்தப் பஞ்சாங்கம் ஹூஷ் ஊருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் துமித்ராக்கேயிடம் இருப்பதாகத் தெரிந்து ஓடினோம். போன நாள்தான் தப்பு. புனித துமித்ருவின் திருநாள்; அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கிய துமித்ராக்கேக்கு அது பிறந்தநாளைவிடப் பெரிய பெயர்நாள். அன்று அந்த வீட்டில் கிண்ணத்தை மறுத்தால் காறித் துப்பியதற்குச் சமம்.

"வாங்க புரொபசர்! பொஸ்தகம் எங்க ஓடிடப் போவுது? மொதல்ல புது ஒயினு!"

"பாத்துட்டுக் குடிக்கிறேனே, அண்ணே."

"எங்க சாமி மேல அப்படி என்னய்யா கோவம் உமக்கு?"

செவெர் குடித்தார். கோஸ் இலையில் சுருட்டிய கறி வந்தது, மறுபடி குடித்தார். கடைசியில் பெட்டி திறந்து பஞ்சாங்கம் கைக்கு வந்தபோது, அதைத் தலைகீழாகப் பிடித்து முத்தமிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். பெண்களின் கிண்ணத்தை யார் கவனிக்கிறார்கள்? நான் தெளிவாக இருந்தேன். அளந்தேன், தாள்களை எண்ணினேன், முகப்பை எழுத்து விடாமல் படியெடுத்தேன். துமித்ராக்கே பெட்டியைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்தார். காலையில் அன்றைய ஒரே ரயிலுக்கு நேரமாகியும் அந்தக் கும்பகர்ணனை யாராலும் எழுப்ப முடியவில்லை.

ரயிலில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கையில புடிச்சீங்கதானே?"

"புடிச்சேன். பாத்தேன்னு சத்தியம் பண்ண முடியாது."

"நான் பாத்தேனே! என் கண்ணு என்ன பொத்தலா?"

"உன் கண்ணு நல்ல கண்ணுதான், லியோந்தினா. ஆனா தொகுதிக்கு ஆசிரியர் நீ இல்லையே."

இத்தனை வருஷமாக அந்தத் தொகுதிக்கு ஒவ்வொரு குறிப்பையும் எழுதித் தந்தவள் நான். யாஷ் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை அச்சகத்தில் மேஸ்திரி கேட்டார்: "பஞ்சாங்கம் உண்டா, இல்லியா? மெஷின் சும்மா நிக்குது சார்."

செவெர் என்னைப் பார்த்தார். பிறகு, "உண்டு. இவ எழுதின குறிப்பு இந்தாங்க. முகப்பையும் பிரிச்சு மறுபடி எழுத்துக் கோத்துடுங்க. ஆசிரியர்ங்கிற எடத்துல என் பேருக்கு மேல இவ பேரு வரணும்" என்றார்.

"பஞ்சாங்கத்த உள்ள கொண்டுவரப் பொய் சொல்றீங்களா?" என்றேன் நான்.

"இத்தன நாள் உன் பேரப் போடாம விட்டேனே, அதுதான் பொய்."

மேஸ்திரி எழுத்துக் கோக்கப் போனார். நான் அந்த மை வாடையிலேயே நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பிறகு என் பெயரைப் பிழையில்லாமல் கோக்கிறாரா என்று பார்க்க ஓடினேன்.