குளிர் வெளியே போகக்கூடாது

வடக்கனந்தல் தங்கதுரைக்கு மின்சாரத்தின் மேல் அக்கறை வந்தது தற்செயலாகத்தான். உரம் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு சங்கராபுரத்துக்குப் பஸ் ஏறினார். மண்டபம் மாறிப்போய் மின் சிக்கனக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பாடு உண்டு என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதால் எழுந்து வரவில்லை.

மேடையில் இருந்த அதிகாரி, "உங்க வீட்டுல ராத்திரி பகல் தூங்காம உழைக்கிறது ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான். அதோட கதவைத் திறக்கும்போதெல்லாம் நாட்டோட மின்சாரம் வெளியே போகுது" என்றார். தங்கதுரை எழுந்து, "தொறக்கவே இல்லன்னா இன்னாங்க ஆவும்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அதிகாரி, "இந்த ஐயா மாதிரி எல்லாரும் யோசிச்சா நாடு உருப்படும்" என்று சொல்ல, கூட்டம் கைதட்டியது. அவருக்கு வாழ்க்கையில் யாரும் அதுவரை கைதட்டியதில்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தார். மேல் அறையில் பாறை போல இறுகியிருந்த பனிக்கட்டியைக் கரைக்கச் சொன்னார். கதவு ரப்பர் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியான காரியங்கள்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து, கதவைத் திறக்கும் முன் என்ன எடுக்கப் போகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். வீட்டில் இருந்தது அவரும் மனைவி பச்சையம்மாளும்தான். ஆகவே சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா எடுக்கப் போற?"

"தக்காளி."

"எங்க இருக்குது?"

"கீழ டப்பாவுல."

"சரி, தொற."

தக்காளியை எடுத்து மூடிய பிறகு பச்சைமிளகாய் ஞாபகம் வந்தால், அன்றைய குழம்பில் பச்சைமிளகாய் கிடையாது. கதவைப் பிடித்துக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று அவள் ஒரு நிமிடம் யோசித்தால் வாசலிலிருந்து, "குளிரு போவுது! குளிரு போவுது!" என்று சத்தம் வரும். ஏதோ வீட்டில் மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியதைப் போல.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "கரும்புல மோட்டாரு காத்தாலேர்ந்து ஓடிக்கினே கெடக்குது. தண்ணி ரோட்டுல வழியுது. அத நிறுத்தக் கூடாதாங்க?"

"அது இலவச கரண்டுடி. அதுல இன்னாத்த மிச்சம் புடிக்கிறது?" என்றார் அவர், விவரம் தெரியாதவளுக்கு விளக்கும் பொறுமையுடன்.

மறுநாள் காலையில் பச்சையம்மாள் பால் சொம்போடு அடுத்த வீட்டுக்குப் போனாள். அது கந்தசாமியின் வீடு. அவன் கல்வராயன் மலையில் பலாப்பழம் வாங்கிக் கள்ளக்குறிச்சியில் விற்பவன். பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டான். அவன் மனைவி ஜெயம்மாள் பேச ஆள் இல்லாமல் இருந்தவள். "வையிக்கா, இதுக்கெல்லாமா கேப்ப?" என்றாள். பாலுக்குப் பின்னால் தயிர் போனது. இட்லி மாவு போனது. தக்காளியும் மீன்குழம்பும் போயின. தங்கதுரை வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஊறுகாயும் மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தன.

கதவுச் சத்தமே கேட்காத வீட்டில் தங்கதுரை நிம்மதியாக இருந்தார். டீக்கடையில் பெருமை பேசினார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"இன்னாடி, தயிரு பலாப்பழ வாசன அடிக்குது?"

"மாட்டுக்கு இன்னாத்த போட்டாங்களோ" என்றாள் பச்சையம்மாள். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கொஞ்ச நாளில் கந்தசாமி வந்து நின்றான். "அண்ணா, எங்க வூட்டுல கரண்டு ரொம்ப ஜாஸ்தியா ஓடுது. நான் மலையில கெடக்கறேன், வூட்டுல ஜெயம்மா ஒருத்திதான். ஃப்ரிட்ஜுல இன்னா கோளாறுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

தங்கதுரை தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினார். அடுப்படியில் பச்சையம்மாளின் கரண்டி நின்றது.

"உள்ள ஒரே கசகசன்னு கெடக்குது மாமா, அப்பறமா பாக்கலாமே" என்றாள் ஜெயம்மாள், ஃப்ரிட்ஜை மறைத்து நின்றபடி.

"கசகசன்னு கெடந்தாதான் கோளாறே" என்று சொல்லித் தங்கதுரை கதவைத் திறந்தார்.

உள்ளே கை நுழைய இடமில்லை. பலாச்சுளைகளுக்கு நடுவே ஒரு பெரிய எவர்சில்வர் ஏனம், நிறைய இட்லி மாவு. அதன் வயிற்றில் 'வ. தங்கதுரை, வடக்கனந்தல்' என்று வெட்டியிருந்தது. தொலைந்துபோகக் கூடாது என்று அவரே பெரிய எழுத்தில் வெட்டச் சொன்னது.

முகத்தில் குளிர் அடிக்க, அவர் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"மாமா, குளிரு போவுது" என்றாள் ஜெயம்மாள் மெதுவாக.

சட்டென்று மூடினார். பின்னாலிருந்து கந்தசாமி, "இன்னாண்ணா கோளாறு?" என்றான்.

"ரப்பரு கொஞ்சம் தளந்துகினு இருக்குது. செவுத்துலேர்ந்து தள்ளி வை. ஜாமானும் ஜாஸ்தி."

"ரெண்டு பேருக்கு எங்கேர்ந்துண்ணா இவ்ளோ ஜாமான்?"

ஜெயம்மாள் கூரையைப் பார்த்தாள். "ஆக்கித் திங்கற வூடுன்னா நாலு இருக்கும்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை வேகமாக வெளியே வந்தார்.

வீட்டில் பச்சையம்மாள் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்கிட்ட இன்னா சொன்னீங்க?"

"ரப்பரு சரியில்லன்னேன்." சற்று நிறுத்தி, "நம்ம வூட்டுலயும்தான் ஒரு ஃப்ரிட்ஜு இருக்குதேடி" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இங்க தொறந்தா நான் திருடி மாதிரி பதில் சொல்லிக்கினு நிக்கணும். அங்க தொறந்தா ஜெயம்மா நாலு வார்த்த பேசுவா. பேசிக்கினே எடுத்தாருவேன். அவ்ளோதான்."

அவர் காலிச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்து வை. நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

மாலைக்குள் எல்லாம் திரும்பி வந்தது. ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் தங்கதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். மனசாட்சி உறுத்த, கந்தசாமி வீட்டுக்குக் காரணம் சொல்லாமல் ஒரு மூட்டை நெல் அனுப்பினார்.

அடுத்த முறை கணக்கெடுத்தபோது கந்தசாமி வீட்டு மின்சாரம் பாதியாகக் குறைந்திருந்தது. அவன் அசந்துபோனான். "கதவத் தொறந்து பாத்தாரு. ரப்பருன்னாரு. செவுத்துலேர்ந்து தள்ளி வைன்னாரு. அவ்ளோதான், கம்மியாயிடுச்சு! நெல்லு வேற குடுத்தனுப்புனாரு" என்று கண்டவரிடமெல்லாம் சொன்னான். தங்கதுரை வீட்டில் மின்சாரம் கூடிப்போனதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தெருக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒருவர் வண்டி வைத்துக்கொண்டு அழைக்க வந்தார். தங்கதுரை மறுக்காமல் போனார். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குனிந்து ஒட்டடை தட்டச் சொன்னார், சுவரைத் தட்டிப் பார்த்தார், தள்ளி வைக்கச் சொன்னார்.

"கதவத் தொறந்து உள்ள பாக்கலீங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் மனைவி ஃப்ரிட்ஜை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாள்.

"அதெல்லாம் வேணாங்க" என்று தங்கதுரை அவசரமாகச் செருப்பைத் தேடினார்.